தள்ளுவண்டியின் அளவு: தெருவில் நிற்கும் உரிமை குறித்துச் சில குறிப்புகள்



இரட்டைமலை சீனிவாசன் நினைவாகக் கூடியிருக்கும் இந்த அரங்கில் இலக்கியம் பேசுவோம் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் இருப்பீர்கள். நாம் பேசப்போவது தள்ளுவண்டியைப் பற்றி. அது எங்கே நிற்கலாம், எவ்வளவு நீள அகலம் இருக்கலாம், யாருக்குக் கிடைக்கும் என்பதைப் பற்றி. இலக்கிய மேடையில் இதற்கென்ன வேலை என்று கேட்கலாம். சீனிவாசனின் பெயரைச் சொல்லித் தொடங்கினால் இதைத் தவிர வேறு எதைப் பேசுவது என்றுதான் எங்களுக்குத் தோன்றியது.

1924 ஆகஸ்ட் 22 அன்று சென்னை மாகாணச் சட்டசபையில் அவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, பாதை எதிலும் ஒடுக்கப்பட்ட வகுப்பார் நடக்கத் தடையில்லை. பொது அலுவலகத்தையும் கிணற்றையும் குளத்தையும் அணுகத் தடையில்லை என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது, அடுத்த ஆண்டு அரசிதழில் வெளியானது. 1927 மார்ச்சில் மகாத் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார். தெருவும் குளமும் எல்லோருக்கும் பொது என்று சொல்லவே இவ்வளவு போராட வேண்டியிருந்தது.

நூறாண்டு கழித்து அந்தக் கணக்கைத் திருப்பிப் பார்ப்போம். தெருவில் நடக்கும் உரிமை ஒன்று. தெருவில் நிற்கும் உரிமை இரண்டு. நின்று எதையாவது விற்றுப் பிழைக்கும் உரிமை மூன்று. முதல் உரிமையை ஊர்த்தெருவில் இன்றும் பல இடங்களில் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறோம். மூன்றாவது உரிமைக்கு 2014இல் ஒரு சட்டம் வந்தது. அந்தச் சட்டம் நம்முடைய எல்லைப் பகுதியில், ஓசூர் தொடங்கி கிருஷ்ணகிரி, பர்கூர் வரை, நம் மக்களின் கைக்கு எந்த வடிவத்தில் வந்து சேர்கிறது என்பதே இன்றைய கேள்வி.

காலை ஐந்தரை மணி

ஓசூரை அறிந்தவர்களுக்குக் காலை ஐந்தரை மணியைத் தெரியும். முதல் ஷிப்ட்டுக்குப் போகிற கம்பெனிப் பேருந்துகள் பாகலூர் சாலையிலும் இராயக்கோட்டை சாலையிலும் வரிசையாக வந்து ஆள் ஏற்றும் நேரம். பெங்களூரு நாற்பது கிலோமீட்டர்தான். அத்திப்பள்ளி வழியாக அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் தனி. அடுப்பு பற்றவைத்த வீட்டைவிட அடுப்பு பற்றவைத்த வண்டிதான் அந்த நேரத்தில் அதிகம். இட்லி, சித்ரான்னம், டீ, போண்டா. மதியத்துக்குக் களியும் கீரைக் குழம்பும். மாலை ஷிப்ட் விடும்போது பழம், வறுகடலை, பூ, செருப்பு, செல்போன் உறை. மாங்காய்க் காலம் வந்தால் உப்பும் மிளகாய்ப் பொடியும் தூவிய பெங்களூரா.

1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்த நாள்முதல் இந்த நகரம் இப்படித்தான் வளர்ந்தது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று பெரிய பெயர்கள் வந்தன. பெரிய பெயர்களுக்குப் பின்னால் சிறு பட்டறைகள், அவற்றுக்குப் பின்னால் ஒப்பந்தத் தொழிலாளர்கள், அவர்களுக்குப் பின்னால் அவர்களுக்குச் சோறு போடும் வண்டிகள். ஒரிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஓர் அறையில் ஆறு பேராகத் தங்கும் இளைஞர்களுக்கு அந்த அறையில் சமைக்க இடமில்லை. குறைந்த கூலியில் ஒரு தொழிலாளி தாக்குப்பிடிக்க வேண்டுமானால் குறைந்த விலையில் சோறு வேண்டும். அந்தச் சோற்றைத் தெரு தருகிறது. தெருவோர வியாபாரி தொழிற்சாலைக்கு வெளியே நிற்கிறார் என்பது கண்ணுக்குத் தெரிகிற உண்மை. கூலிக் கணக்கைப் பார்த்தால் அவர் தொழிற்சாலைக்கு உள்ளேதான் நிற்கிறார்.

அந்த வியாபாரி யார்? எல்லோரும் தலித்துகள் என்று நாம் சொல்லவில்லை. எல்லாச் சாதியிலும் ஏழைகள் உண்டு, இசுலாமியர் உண்டு, நிலம் விற்ற சிறு விவசாயக் குடும்பங்கள் உண்டு. ஆனால் விற்க நிலமே இல்லாதிருந்தவர்கள், கம்பெனியில் நிரந்தர வேலைக்குப் படிப்பு இல்லாதவர்கள், கட்டட வேலைக்கு உடம்பு ஒத்துழைக்காத வயதில் இருக்கிற பெண்கள் என்று வடிகட்டிக்கொண்டே போனால் கடைசியில் யார் நிற்கிறார்கள் என்பதைச் சமூகவியல் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது

1989இல் சோதன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெருவில் வியாபாரம் செய்வது அரசியல் சாசனத்தின் 19(1)(g) பிரிவு தரும் அடிப்படை உரிமைக்குள் வரும் என்றது. நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது என்றும் சொன்னது. கால் நூற்றாண்டு கழித்து, தெருவோர வியாபாரிகள் வாழ்வாதாரப் பாதுகாப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் 2014 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டே தமிழ்நாடு அதற்கான திட்டத்தையும் விதிகளையும் வகுத்தது.

இந்தச் சட்டத்தை நம் தோழர்கள் வாசித்தே ஆகவேண்டும். பல சட்டங்கள் வாசித்தால் பயம் வரும்; இது வாசித்தால் தைரியம் வரும். முதலில் கணக்கெடுப்பு நடத்த வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து எல்லோருக்கும் விற்பனைச் சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. அதன்பிறகும் இடம் மாற்றவோ அகற்றவோ 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பொருளைப் பறிமுதல் செய்தால் பட்டியல் போட்டுக் கையில் கொடுக்க வேண்டும். வியாபாரி கேட்டு, உரிய கட்டணம் கட்டினால், அழுகும் பொருளை அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். மற்றதை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும்.

எந்த இடத்தில் வியாபாரம், எந்த இடத்தில் இல்லை என்று முடிவெடுப்பதில் நகர விற்பனைக் குழுவுக்குப் பங்கு உண்டு. ஆணையர் தலைமையிலான அந்தக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும். அவர்களை வியாபாரிகளே தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தப் பிரதிநிதிகளில் மூன்றில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகளுக்கு உரிய இடம் வேண்டும். சான்றிதழ் தருவதிலும் இந்தப் பிரிவினருக்கு முன்னுரிமை உண்டு.

இவ்வளவும் காகிதத்தில் இருக்கிறது. பிறகு ஏன் காலை ஆறு மணிக்கு லாரி வந்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டு சந்துக்குள் ஓடுகிறார்கள்? ஏன் அடிக்காசும் கட்டிவிட்டு மாமூலும் கொடுக்கிறார்கள்? சட்டத்தின் கடைசிப் பக்கத்துக்கும் தெருவின் முதல் வண்டிக்கும் நடுவில் இருப்பது உள்ளாட்சி விதி. எந்த இடம், எத்தனை பேர், என்ன வண்டி என்று அங்கேதான் முடிவாகிறது. அந்த மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எந்த இடம்

சட்டத்தின் முதல் அட்டவணை இடத்துக்கான விதிகளைச் சொல்கிறது. தடையற்ற மண்டலம், கட்டுப்பாட்டு மண்டலம், தடை மண்டலம் என்று மூன்று வகை. தடை மண்டலம் அறிவிப்பதற்கு அட்டவணை கடுமையான நிபந்தனைகளைப் போடுகிறது. மக்கள் தாமாகக் கூடி வாங்கி விற்று உருவான இயல்புச் சந்தையைத் தடை மண்டலம் ஆக்கக் கூடாது. கூட்டம் அதிகம் என்பதைக் காரணமாகச் சொல்லக் கூடாது. அசுத்தம் என்பதையும் காரணமாகச் சொல்லக் கூடாது. அந்த அசுத்தம் முழுக்க வியாபாரிகளால் மட்டுமே வந்தது, உள்ளாட்சியின் துப்புரவுப் பணியால் தீராது என்றால்தான் சொல்லலாம். கணக்கெடுப்பும் திட்டமும் முடியுமுன் எந்த இடத்தையும் தடை மண்டலமாக அறிவிக்கவே கூடாது.

அசுத்தம் பற்றிய அந்த வரியை இரண்டு முறை வாசியுங்கள். நம்மை ஊருக்கு வெளியே வைத்தவர்கள் சொன்ன காரணம் அசுத்தம். நமக்குச் சாக்கடை ஓரத்தில் இடம் கொடுத்துவிட்டு, சாக்கடை ஓரத்தில் இருக்கிறீர்களே என்று மூக்கைப் பிடித்ததுதான் சாதியின் பழைய தந்திரம். தெருவிலும் அதே கதை நடக்கிறது. நல்ல முனையில் நிற்கும் வண்டியைக் கழிவுநீர்க் கால்வாய் ஓரத்துக்குத் தள்ளுகிறார்கள். பிறகு உணவுப் பாதுகாப்பு விதி வந்து சுத்தமான இடத்தில் சமைத்தாயா என்று கேட்கிறது. இடத்தைக் கொடுத்தவரை யாரும் கேட்பதில்லை. 2014 சட்டம் அந்தத் தந்திரத்துக்கு ஒரு வரியில் பதில் எழுதி வைத்திருக்கிறது. அதை எடுத்துப் பேசுகிற குரல்தான் குழுவில் இல்லை.

எல்லைப் பகுதிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நம்முடைய தெருவுக்கு ஒரு சொந்தக்காரர் இல்லை. 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நகரைக் கிழித்துக்கொண்டு போகிறது. அதன் நிலம் தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின் கீழ். தொழிற்பேட்டைக்குள் இருக்கிற சாலைகளில் சிப்காட்டின் அதிகாரம். உள்தெருக்கள் மாநகராட்சியிடம். 2019இல் ஓசூர் மாநகராட்சி ஆனது. ஆனால் புதிதாக வரும் ஆலைகள் பலவும் நகர எல்லையைத் தாண்டிக் கிராம ஊராட்சிகளில் வருகின்றன. 2014 சட்டமோ நகரத்தை மனதில் வைத்து எழுதப்பட்டது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி என்றுதான் அது பேசுகிறது. ஆக, ஐயாயிரம் பேர் வேலை செய்யும் ஓர் ஆலை கிராம ஊராட்சிக்குள் வந்தால், அதன் வாசலில் இட்லி விற்கும் பெண்ணுக்குச் சான்றிதழும் இல்லை, குழுவும் இல்லை, 30 நாள் அறிவிப்பும் இல்லை. அங்கே அவருக்கு இடம் கொடுப்பதும் மறுப்பதும் ஊரின் ஆதிக்கச் சாதி. தொழில் நகரத்தைப் போல வளர்ந்துவிட்டது. அதிகாரம் சேரிக்கும் ஊருக்கும் நடுவிலேயே நிற்கிறது.

எத்தனை பேர்

அடுத்தது எண்ணிக்கை. ஒரு நகரத்தின் மக்கள்தொகையில் இரண்டரை விழுக்காடு என்பதே வியாபாரிகளுக்கான அளவுகோல். ஆயிரம் பேருக்கு 25 பேர். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த ஆயிரம் பேர்?

2011 கணக்கெடுப்பில் அன்றைய ஓசூர் நகராட்சியின் மக்கள்தொகை 1,16,821. அதில் இரண்டரை விழுக்காடு 2,920. பிறகு மூக்கண்டப்பள்ளி, ஜூஜுவாடி, மத்திகிரி என்று சுற்றுப் பகுதிகள் சேர்ந்து நகரம் இரு மடங்கானது. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு அந்த ஆண்டு நடக்கவில்லை. இடைப்பட்ட காலத்தில் விடுதி அறைகளுக்கு வந்துபோகும் வெளிமாநிலத் தொழிலாளர்களில் எத்தனை பேர் ஓசூர்வாசிகளாக எழுதப்படுவார்கள்? அவர்கள் உண்பதை நகரம் எண்ணுகிறது, அவர்களை எண்ணுவதில்லை. அவர்களை எண்ணாதபோது அவர்களுக்குச் சோறு போடுபவருக்கான இடமும் பட்டியலில் குறைகிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இடத்தைவிட ஆட்கள் அதிகமானால் குலுக்கல் என்கிறது சட்டம். குலுக்கலில் யார் பெயர் போடப்படும்? கணக்கெடுப்பு நாளில் வண்டியோடு நின்றவர் பெயர். அன்று காய்ச்சலில் படுத்திருந்தவர், போன மாதம் விரட்டப்பட்டு இன்னும் திரும்பாதவர், காலையில் மூன்று மணி நேரம் மட்டும் கடை போட்டுவிட்டு வீட்டுவேலைக்குப் போகிறவர் பெயரெல்லாம் எங்கே? பகல் பதினொரு மணிக்கு எடுக்கும் கணக்கு, காலை ஆறு மணிக்கு விற்கும் பெண்ணைப் பார்க்காது. ஆகவே கணக்கெடுப்பு நாளின் கடிகாரமும் அரசியல்தான்.

என்ன வண்டி

இப்போது வண்டிக்கு வருவோம். நகரங்களுக்கு இப்போது ஒரே மாதிரி வண்டியின் மேல் ஆசை வந்திருக்கிறது. ஒரே நிறம், ஒரே கூரை, ஒரே அளவு, பக்கவாட்டில் திட்டத்தின் பெயர். சென்னை மெரினாவில் நடந்தது நமக்குத் தெரியும். உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கின் தொடர்ச்சியாகக் கடற்கரைக்கு 900 வண்டிகள் என்று முடிவாயிற்று. 60 விழுக்காடு ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்தவர்களுக்கு, 40 விழுக்காடு புதியவர்களுக்கு என்று பிரித்து 2021 ஜனவரியில் குலுக்கல் நடந்தது. பல ஆண்டுகளாக அந்த மணலில் நின்ற ஒருவரின் பிழைப்பு ஒரு சீட்டில் அடங்கியது. வண்டியின் எண்ணிக்கையை முதலில் முடிவு செய்துவிட்டு, ஆட்களை அதற்குள் அடக்கினார்கள்.

வண்டி நன்றாக இருக்கக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. நல்ல சக்கரம் வேண்டும், மழைக்கு ஒழுகாத கூரை வேண்டும், கை கழுவத் தண்ணீர்த் தொட்டி வேண்டும். நாலு பழைய சைக்கிள் சக்கரம், பலகை, தார்ப்பாய் என்று கட்டிய வண்டியை மேட்டில் தள்ளித் தள்ளியே இடுப்பு போன பெண்களை நாம் பார்த்திருக்கிறோம். நம் கேள்வி, அந்த வண்டியை வரைந்தவர் யாரை மனதில் வைத்து வரைந்தார் என்பது. ஐந்தடிப் பெண் அடுப்பின் மேல் எட்டிப் பார்க்க முடிகிற உயரமா? இரவு வண்டியை நிறுத்த அவருக்கு இடம் உண்டா? சேரித் தெருவின் அகலத்துக்குள் அந்த வண்டி நுழையுமா? நுழையாவிட்டால் இரவுக் காவலுக்கு யாருக்குக் காசு கொடுப்பார்? வண்டியின் அகலத்தை மாநகராட்சி அலுவலகத்தில் தீர்மானிக்கலாம். சேரிச் சந்தின் அகலத்தைச் சாதி நூறாண்டுகளுக்கு முன்னரே தீர்மானித்துவிட்டது.

இன்னொரு காட்சியைச் சொல்ல வேண்டும். இந்த எல்லைப் பகுதியின் ஒரு நகரத்தில், எந்த நகரம் என்பது இங்கே முக்கியமில்லை, ஒரு மாலை நாங்கள் செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தோம். நாற்பது வருடமாக அதே அரசமரத்தடி. ஒரு மரப்பெட்டி, ஓர் இரும்புக் கால், ஒரு குடை. அவரிடம் அடையாள அட்டை இருக்கிறதா என்று கேட்டோம்.

“வண்டி வச்சிருக்கறவங்களுக்குத்தான் அட்டையாம் தம்பி. எங்கிட்ட ஏது வண்டி?”

யார் சொன்னார்கள் என்று கேட்டதற்கு, கணக்கெடுக்க வந்தவர்கள் என்றார். “உக்காந்திருக்கறவன் வியாபாரி இல்லியாம். நின்னாத்தான் வியாபாரியாம்.” சொல்லிவிட்டுச் சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை.

சட்டத்தில் வண்டி என்ற நிபந்தனையே இல்லை. பொருள் விற்பவர் மட்டுமல்ல, பொதுமக்களுக்குச் சேவை செய்பவரும் தெருவோர வியாபாரிதான். தெருவிலோ நடைபாதையிலோ நடந்து விற்பவர், அமர்ந்து விற்பவர், அந்தந்த வட்டாரத்தில் என்ன பெயரில் அழைக்கப்பட்டாலும் அவர் இதற்குள் வருவார் என்று அதன் வரையறை சொல்கிறது. செருப்புத் தைப்பவர், கூடையில் கீரை கொண்டுவரும் பாட்டி, முறத்தில் பூ கட்டும் பெண், தரையில் சாக்கு விரித்துப் பழைய துணி விற்பவர் எல்லோரும் வருவார்கள். நடைமுறையில் வண்டி ஒரு சாதிச் சான்றிதழ் ஆகிவிடுகிறது. அது இருப்பவன் வியாபாரி, இல்லாதவன் ஆக்கிரமிப்பாளன். அருந்ததியப் பெரியவரிடம் வண்டி இல்லாததற்கு அவர் தொழில் காரணம். அந்தத் தொழிலை அவருக்குக் கொடுத்தது சாதி. சாதி கொடுத்த தொழிலையும் செய்யக் கூடாது, அதற்கு அட்டையும் கிடையாது என்றால் அவர் எங்கே போவார்?

அட்டை வெறும் அட்டையுமல்ல. 2020 ஜூனில் தெருவோர வியாபாரிகளுக்கென்று ஒன்றிய அரசு தொடங்கிய கடன் திட்டத்தில் முதல் தவணை தொடக்கத்தில் 10,000 ரூபாயாக இருந்தது. அதை வாங்கச் சான்றிதழோ அடையாள அட்டையோ உள்ளாட்சியின் பரிந்துரைக் கடிதமோ வேண்டும். அட்டை இல்லாதவருக்குத் தண்டல்காரர்தான் வங்கி. காலையில் வாங்கிய பணத்துக்கு மாலையில் வட்டியோடு கட்டுகிறார். வண்டி, அட்டை, கடன் மூன்றும் ஒரே சங்கிலி. முதல் கண்ணியில் விடுபட்டவர் கடைசிவரை விடுபடுகிறார்.

யார் கையால் சமைத்தது

வண்டிகள் ஒரே மாதிரி ஆனாலும் அதன் மேல் என்ன விற்கலாம் என்பது ஒரே மாதிரி ஆகிவிடாது. ஒரு தெருவின் வண்டிகளை வரிசையாகப் பாருங்கள். பிளாஸ்டிக் சாமான், செருப்பு, காய்கறி விற்கும் இடத்தில் நம் மக்களை எளிதில் பார்க்கலாம். சமைத்த உணவு என்று வரும்போது நம் மக்கள் குறைவார்கள். தொழிற்சாலைத் தெருவில் யாரும் சாதி கேட்பதில்லை என்பார்கள். வெளியூர்த் தொழிலாளி கேட்பதில்லை, உண்மை. பக்கத்து வண்டிக்காரர் கேட்கிறார். எந்த ஊரு, எந்தத் தெரு என்று இரண்டு கேள்வியில் தெரிந்துகொள்கிறார். பிறகு ஒரு வாரத்தில் “அந்த வண்டியில சுத்தம் பத்தாது” என்ற பேச்சு கிளம்புகிறது.

மாட்டுக்கறி வறுவல் விற்கும் வண்டிக்கு நகரின் நடுவில் இடம் கிடைப்பதே இல்லை. பக்கத்துத் திருப்பத்தூர் மாவட்டத்தில் 2022 மே மாதம் ஆம்பூர் பிரியாணித் திருவிழா நடத்த மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்தது. அதில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றதும் எதிர்ப்பு எழுந்தது. மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது. மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் இது பாகுபாடு ஆகாதா என்று கேட்டு ஆட்சியருக்கு அறிவிக்கை அனுப்பியது. உணவுக் கடைக்கு இடம் ஒதுக்குவது வெறும் நிர்வாக வேலையல்ல, அதில் தீண்டாமை நுழைய முடியும் என்று ஓர் அரசு அமைப்பே பதிவு செய்த தருணம் அது. நகர விற்பனைக் குழுவில் இடம் ஒதுக்கும்போதும் அதே கேள்வியை நாம் கேட்கலாம்.

கேட்க நமக்கு இன்னொரு சட்டமும் இருக்கிறது. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் கொண்டுவந்த திருத்தங்களைப் பலர் இன்னும் வாசிக்கவில்லை. பட்டியல் சாதி, பழங்குடியைச் சேர்ந்த ஒருவர் மற்றவர்களுக்கு உரிமையுள்ள எந்தத் தொழிலையும் வியாபாரத்தையும் செய்யவிடாமல் தடுப்பது இப்போது குற்றம். சமூகப் புறக்கணிப்பும் பொருளாதாரப் புறக்கணிப்பும் குற்றம். அந்தச் சட்டத்தைக் கொலைக்கும் தீவைப்புக்கும் மட்டும் எடுக்கும் பழக்கம் நமக்கு இருக்கிறது. ஓர் இட்லிப் பானையைக் காக்கவும் அதை எடுக்கலாம்.

எல்லை தாண்டினால் சாதி மாறுமா

எல்லைக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறோம். நம் பகுதியில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் ஒரே தெருவில் பேசப்படுகின்றன. ஆனேக்கல் பக்கத்திலிருந்து மணமாகி வந்தவர், அங்கே கூலி குறைந்து இங்கே கடை போட வந்தவர் என்று பலர் உண்டு. 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியாக இருப்பவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அந்தத் தகுதியின் சலுகையைக் கூடவே எடுத்துச் செல்ல முடியாது என்றது. 2018இல் அதே நிலையை மீண்டும் உறுதி செய்தது. ஆக, அத்திப்பள்ளியைத் தாண்டி இந்தப் பக்கம் வந்த பெண்ணிடம் தீண்டாமை கூடவே வருகிறது. முன்னுரிமை அந்தப் பக்கமே நின்றுவிடுகிறது. விற்பனைச் சான்றிதழில் முன்னுரிமை என்ற வார்த்தை அவருக்குச் செல்லாது. இதற்கு நீதிமன்றத்தில் தீர்வு எளிதல்ல. ஆனால் பெண்களுக்கான முன்னுரிமை அவருக்கு எந்த மாநிலத்திலும் உண்டு. அதை வைத்து அவரைப் பட்டியலுக்குள் கொண்டுவருவது நம் வேலை.

நடப்பவர்களின் கேள்வி

இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவிகள் ஒரு கேள்வி கேட்கலாம். நடைபாதை முழுக்க வண்டி நின்றால் நாங்கள் எங்கே நடப்பது? லாரி ஓடும் சாலையில் இறங்கியா? சக்கர நாற்காலியில் வருபவர் எப்படிப் போவார்? நியாயமான கேள்வி. நடக்கும் உரிமையிலிருந்துதான் நாம் பேச்சைத் தொடங்கினோம். அதை விட்டுக்கொடுக்க மாட்டோம். இந்தியச் சாலைக் காங்கிரசின் நெறிமுறை நடைபாதையில் குறைந்தது 1.8 மீட்டர் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்கிறது. அதை நாமும் ஏற்கிறோம். ஆனால் அந்த 1.8 மீட்டரை அடைத்துக்கொண்டிருப்பது யார் என்று அளவு நாடா எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். கட்டடத்தின் படிக்கட்டு, கடையின் விளம்பரப் பலகை, மின்மாற்றி, வரிசையாக நிற்கும் இருசக்கர வாகனம், கார். வண்டி தள்ளுகிற அக்காவை ஒரு நிமிடத்தில் நகர்த்திவிடலாம். சிமெண்ட் படிக்கட்டை நகர்த்த முடியாது. அதனால்தான் எப்போதும் அக்காவே நகர்கிறார். நடப்பவருக்கும் விற்பவருக்கும் சண்டை மூட்டிவிட்டு, காரை நிறுத்தியவர் வேடிக்கை பார்க்கிறார்.

இனி என்ன

இது நினைவுச் சொற்பொழிவு. நினைவு வேலையாக மாறவில்லை என்றால் மாலை போட்டுவிட்டுக் கலைந்த கூட்டமாகிவிடுவோம். ஆகவே சில வேலைகளைச் சொல்லி முடிக்கிறோம்.

ஒன்று, உங்கள் ஊரில் நகர விற்பனைக் குழு இருக்கிறதா, தேர்தல் நடந்ததா, அதில் பட்டியல் சாதியினரும் பெண்களும் எத்தனை பேர் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய்ச் செலவு.

இரண்டு, மாணவர்கள் நம்முடைய சொந்தக் கணக்கெடுப்பை நடத்த வேண்டும். காலை ஐந்தரைக்கும் இரவு ஒன்பதுக்கும் போக வேண்டும். வண்டி இல்லாதவரையும் எழுத வேண்டும். எத்தனை ஆண்டுகளாக அதே இடத்தில் விற்கிறார், பழைய அடிக்காசு ரசீது இருக்கிறதா, அபராத ரசீது இருக்கிறதா என்று கேட்டுப் படியெடுத்து வையுங்கள். விரட்டியதற்கான ரசீதுகூட அவர் அங்கே இருந்ததற்கான சாட்சி.

மூன்று, வண்டியின் வடிவத்தை முடிவு செய்யுமுன் வியாபாரிகளைக் கேட்க வேண்டும் என்று கோருங்கள். உயரம், எடை, இரவில் நிறுத்துமிடம், தண்ணீர், கழிப்பறை ஐந்தும் அந்தப் பேச்சில் வரவேண்டும். தரையில் அமர்ந்து தொழில் செய்பவருக்கு வண்டிக்குப் பதிலாக நிழலும் மேடையும் கேளுங்கள்.

நான்கு, கிராம ஊராட்சி எல்லையில் இருக்கிற ஆலை வாசல்களுக்கும் இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு வரவேண்டும் என்பதை நம் அமைப்புகள் கோரிக்கையாக எடுக்க வேண்டும். இந்த மாவட்டத்தில் அடுத்த பத்தாண்டின் சண்டை அங்கேதான் நடக்கப்போகிறது.

ஐந்து, எழுதுகிறவர்களுக்கு. தலித் இலக்கியம் வயலையும் சேரியையும் எழுதியிருக்கிறது. ஆலை வாசலையும் தள்ளுவண்டியையும் இன்னும் போதுமான அளவு எழுதவில்லை. ஒரு வண்டியின் ஒரு நாளை, வாங்கிய தண்டலிலிருந்து கழுவிய பாத்திரம்வரை, ஒருவர் உள்ளபடி எழுதினால் அது குழுவின் முன் வைக்கத் தகுந்த ஆவணமாகவும் இருக்கும்.

அரசமரத்தடிப் பெரியவரிடம் நாங்கள் மறுபடி போனோம். சட்டத்தின் வரையறையைத் தமிழில் எழுதி, கீழே அவர் பெயரில் ஒரு மனு எழுதி எடுத்துப்போனோம். வாசித்துக் காட்டினோம். அமர்ந்து தொழில் செய்பவரும் வியாபாரிதான் என்ற வரி வந்தபோது நிறுத்தச் சொன்னார். “அத மட்டும் இன்னொரு வாட்டி படி தம்பி” என்றார். படித்தோம். கைரேகை வைக்கட்டுமா என்று கேட்டவர், பிறகு பேனாவை வாங்கி மெதுவாகக் கையெழுத்தே போட்டார். மனு கொடுத்திருக்கிறோம்; ஒப்புகைச் சீட்டு அவருடைய மரப்பெட்டிக்குள் இருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. வருகிற திங்கட்கிழமை மறுபடி போகிறோம். உங்களில் சிலர் கூட வந்தால் நல்லது.

ஜெய்பீம்.